30,000 ரூபாய்க்கு வீட்டுப் பட்டறை: நான் வாங்குனதும், வாங்காம இருந்திருக்கலாம்னு தோணுறதும்

திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு. புதுசா கட்டுன வீட்டுக்குப் பின்னாடி பத்துக்குப் பன்னெண்டு அடில ஷீட் போட்ட ரூம் ஒண்ணு சும்மா கிடக்குதாம், கையில 30,000 ரூபா இருக்காம், கேட் ரிப்பேர், செவுத்துல ஷெல்ஃப் மாட்டுறது, பைக்ல சில்லறை வேலை, கொஞ்சம் ஸ்கொயர் டியூப் வெல்டிங், இதுக்கெல்லாம் என்னென்ன வாங்கலாம், ஆன்லைன்ல 108 பீஸ் கார்ட்லெஸ் டிரில் செட் 3,500க்கு ஓடுது அத எடுத்துரட்டுமாண்ணா, நீங்க சமீபத்துல என்னென்ன வாங்குனீங்கன்னு. கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க தம்பி.

முதல்ல என்னப் பத்தி ரெண்டு வரி. கோயம்புத்தூர் சிங்காநல்லூர் பக்கம் வீடு. மில்லுல மெயின்டனன்ஸ் ஃபிட்டரா 22 வருஷம் ஓட்டிட்டேன், இப்ப வீட்டு கார் ஷெட்டு தான் பட்டறை, கார் வெளிய வெயில்ல நிக்குது, அதுக்கு வீட்டுல தனிப் பஞ்சாயத்து ஓடிட்டு இருக்கு. மில்லுல எல்லா சாமானும் ஸ்டோர்ல கையெழுத்துப் போட்டா வந்துரும், அதனால சொந்தக் காசுல வாங்குறப்ப எது வேணும் எது வேண்டாம்னு எனக்கே தெரியல, இந்த ரெண்டு வருஷமாத்தான் அடிபட்டுக் கத்துக்கிட்டேன்.

அந்த 108 பீஸ் செட்ட மட்டும் வாங்கிராதீங்க. என் தங்கச்சி பையன் அதே மாதிரி ஒண்ணு வாங்கினான், பேட்டரி மேல 48 வோல்ட்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. ஆறு மாசத்துல செத்துருச்சு, மாமா பாருங்கன்னு கொண்டு வந்தான், திறந்து பாத்தா உள்ள 5 செல்லு வரிசையா இருக்கு, அவ்வளவுதான். லித்தியம் செல் ஒண்ணுக்கு 3.6 வோல்ட், அஞ்சுக்கு 18, முழுசா சார்ஜ் ஏறுனா ஒண்ணுக்கு 4.2ன்னு 21 வரும். 48 எங்க இருந்து வந்துச்சுன்னு அந்த ஸ்டிக்கர் ஒட்டுனவனுக்குத்தான் வெளிச்சம். நல்ல கம்பெனிக்காரங்க 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ்னு ரெண்டு விதமா போடுறாங்கல்ல, அதுவும் உள்ள ஒரே 5 செல்லு தான், ஒருத்தர் ஓடும்போது இருக்குற கணக்கச் சொல்றாரு, இன்னொருத்தர் ஃபுல் சார்ஜ் கணக்கச் சொல்றாரு, அது பொய்யில்ல. அதே மாதிரி 10.8ம் 12ம் ஒண்ணுதான், மூணு செல்லு. மிச்சம் 107 பீஸ்ல என்ன இருந்துச்சுன்னா பாதி ஸ்க்ரூ பிட்டு, ரெண்டு ஸ்க்ரூ முறுக்குனதும் நுனி மழுங்கிருச்சு, டிரில் பிட்டு ஸ்கொயர் டியூப்புல வச்சதும் நீலமாயிருச்சு.

சரி, இப்ப நான் வாங்குனதுல எது தினம் கை படுதுன்னு கேட்டீங்கன்னா மெஷின் எதுவும் இல்ல, வைஸ் தான். பெஞ்ச் வைஸ், மேஜைல போல்ட் போட்டு ரெண்டு தாடைக்கு நடுவுல பொருளக் கவ்விப் பிடிக்கிறது. இத ஏன் முதல்ல சொல்றேன்னா புதுசா ஆரம்பிக்குற எல்லாரும் சுத்துற சாமானத்தான் முதல்ல வாங்குறாங்க, டிரில்லு, கிரைண்டரு, கட்டரு. பொருள அசையாம பிடிக்குற சாமானுக்குக் காசே வைக்கிறதில்ல. அப்புறம் காலுல மிதிச்சுக்கிட்டு ஆக்சா பிளேடு போடுறது, ஒரு கையில தகட்டப் பிடிச்சுக்கிட்டு மறு கையில டிரில் பண்றது, வெட்டுன வெட்டு கோணலா வந்தா மெஷின் சரியில்லைங்கிறது. பொருள் ஆடுனா எந்த மெஷினும் ஒழுங்கா வெட்டாது, கையத்தான் வெட்டும்.

அதுக்கு என் இடது கை பெருவிரலே சாட்சி. போன வருஷம் ஆடி மாசம், ஒரு பெஞ்ச் டிரில்லிங் மெஷின் வாங்குன புதுசு, கட்டை விரல் அகலத்துக்கு ஒரு எம்எஸ் (சாதா இரும்பு) பட்டை, 3 எம்எம் கனம், அதுல 8 எம்எம் ஓட்டை ஒண்ணே ஒண்ணு போடணும். டிரில் வைஸ எடுத்து மாட்ட சோம்பேறித்தனம், கையிலயே பிடிச்சுக்கிட்டேன். ஓட்டை முக்காவாசி போற வரைக்கும் ஒண்ணும் ஆகாது, பிட்டு அடிப்பக்கம் வெளிய வர்ற அந்த நொடியில தான் பல்லு கவ்வும், பட்டை ஃபேன் ரெக்கை மாதிரி சுத்திருச்சு, ஆறு தையல். 22 வருஷம் அடுத்தவங்களுக்குப் புத்தி சொன்னவன். நல்லவேளை கையுறை போடல, போட்டிருந்தா துணியோட சேத்துச் சுத்தியிருக்கும், விரலே போயிருக்கும். இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல, கிரைண்டருக்கும் வெல்டிங்குக்கும் கையுறை போடலாம், டிரில்லிங் மெஷின்கிட்ட மட்டும் வெறுங்கை தான், முழுக்கை சட்டையும் கூடாது.

வைஸ் விஷயத்துக்கு வர்றேன். கடையில 4 இன்ச், 5 இன்ச், 6 இன்ச்னு சொல்றது தாடையோட அகலம். வீட்டுக்கு 4 போதும்னு சொல்லுவாங்க, நான் 5ன்னு சொல்லுவேன், ஏன்னா கனம் நல்லா ஏறும், சுத்தியல்ல தட்டுனா ஆடாது. புதுசு வாங்குறதா இருந்தா ரெண்டு விஷயம் பாருங்க. முழுசா மூடி தாடை ரெண்டும் ஒரே மட்டத்துல சேருதா, மேல பாத்தா வெளிச்சம் தெரியுதான்னு ஒண்ணு, பாதி திறந்து வச்சு முன் தாடையப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாக்குறது ரெண்டாவது. சாதா வார்ப்பிரும்புல செஞ்சது பலமா அடிச்சா விரிசல் விடும், எஸ்ஜி அயர்ன்னு தனியா வரும், அது வெல கூட, ஆனா அடி தாங்கும்.

நான் புதுசு வாங்கல. உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடையில ஒரு மில்லு சாமான் வந்து இறங்கியிருந்துச்சு, அதுல ஒரு 6 இன்ச் வைஸு, பச்சை பெயின்ட்டு, மேல அரை இன்ச்சுக்கு கிரீஸ் அழுக்கு. எடைக்குத்தான் போடுவேன்னாரு, தூக்கி வச்சா 27 கிலோ. பேரம் பேசி 2,400க்கு முடிச்சேன். பழசு வாங்குறப்ப வெளிய துரு இருக்குறதப் பத்திக் கவலையே வேண்டாம், உள்ள இருக்குற நட்டு தான் உயிரு. கைப்பிடிய முன்னும் பின்னும் லேசா திருப்பிப் பாருங்க, கால் சுத்து வரைக்கும் தாடை அசையாம வெறுமனே சுத்துனா பரவாயில்ல, அரை சுத்துக்கு மேல போச்சுன்னா மரை தேஞ்சிருச்சு, விட்டுருங்க. எங்கயாச்சும் பத்த வச்ச தழும்பு இருந்தாலும் வேண்டாம். டீசல்ல ஊற வச்சு, கம்பி பிரஷ் போட்டு, ஸ்க்ரூவுக்கு கிரீஸ் வச்சேன், ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க போச்சு. எனக்கப்புறம் என் பேரன் வரைக்கும் ஓடும் அது. தாடைக்கு மேல மாட்ட ஒரு ஜோடி அலுமினியம் ஆங்கிள் வெட்டி வச்சிருக்கேன், பித்தளை, பைக் சாமானெல்லாம் பிடிக்கும்போது பல்லுத்தடம் விழாது.

இதோட நாலு சி கிளாம்ப் வாங்கிருங்க, ரெண்டு 4 இன்ச், ரெண்டு 6 இன்ச். ஸ்கொயர் டியூப் ஃபிரேம் அடிக்கும்போது அது இல்லாம முடியாது. காந்த ஆங்கிள் ரெண்டு வாங்கினேன், அது பரவாயில்ல ரகம், கிரைண்டர் தூள் பூரா அதுல ஒட்டிக்கும், தொடைச்சு வைக்காட்டி 90 டிகிரி 88 ஆயிடும்.

அடுத்து அளக்குறது. இதுல நான் ஒரு தடவ ஏமாந்தேன். ஆன்லைன்ல ஒரு பெரிய ஜப்பான் கம்பெனி பேரு போட்ட டிஜிட்டல் வெர்னியர் (கனம், விட்டம் அளக்குறது), பாதி வெலைக்கு வந்துச்சேன்னு வாங்கினேன். டூப்ளிகேட். பெட்டி, பேப்பர், எழுத்து எல்லாம் அச்சு அசலா இருக்கு, தாடைய மூடி வெளிச்சத்துல பாத்தா நடுவுல ஒரு கோடு வெளிச்சம் வருது. திருப்பி அனுப்பிட்டு சாதாரண வெர்னியர் ஒண்ணு, பேட்டரி இல்லாதது, 0.02 எம்எம் படிக்கிறது, தெரிஞ்ச கடையில 2,500 கிட்ட குடுத்து எடுத்தேன். படிக்கக் கத்துக்க ஒரு நாள் ஆகும், அப்புறம் ஜென்மத்துக்கும் பேட்டரி தேட வேண்டாம். வெல கம்மியான டிஜிட்டல் வெர்னியர்ல ஒரு கூத்து இருக்கு, ஆஃப் பண்ணுனாலும் டிஸ்பிளே மட்டும் தான் அணையும், உள்ள சர்க்யூட்டு கரண்ட்ட இழுத்துக்கிட்டே இருக்கும், அதான் ரெண்டு மாசம் கழிச்சு எடுத்தா பேட்டரி செத்துக் கிடக்கும். அப்படி ஒண்ணு உங்ககிட்ட இருந்தா வேலை முடிஞ்சதும் பேட்டரியக் கழட்டி வைங்க.

மரவேலைக்கும் வெல்டிங்குக்கும் வெர்னியர விட 90 டிகிரி பாக்குற மூலமட்டமும் நல்ல டேப்பும் தான் முக்கியம். மூலமட்டம் சரியா இருக்கான்னு கடையிலயே பாக்கலாம், நேரான பலகை ஓரத்துல வச்சு ஒரு கோடு போட்டு, அப்படியே மட்டத்தத் திருப்பிப் போட்டு அதே இடத்துல இன்னொரு கோடு போடுங்க, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழணும், வி மாதிரி விரிஞ்சா கடைக்காரர்கிட்டயே குடுத்துருங்க. கேட் மாதிரி பெரிய ஃபிரேமுக்கு மூலைக்கு மூலை குறுக்க அளந்தா போதும், எதிரெதிர் பக்கம் ஒரே நீளமா இருந்து ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருந்தா மூலை நாலும் 90 டிகிரி.

இப்ப டிரில். இங்க தான் நிறைய பேரு கன்ஃப்யூஸ் ஆகுறாங்க. கடையில இம்பாக்ட் டிரில்லு, ஹேமர் டிரில்லு, ரோட்டரி ஹேமருன்னு மூணு பேரும் கலந்து கட்டிச் சொல்லுவாங்க. உள்ள இருக்குற சங்கதி ரெண்டே ரெண்டு தான். சாதா 13 எம்எம் சக் வச்ச இம்பாக்ட் டிரில்லுல பல்லு வெட்டுன ரெண்டு வில்லை இருக்கும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஏறி இறங்கும், நிமிஷத்துக்கு நாப்பதாயிரம் தட்டு தட்டும் ஆனா ஒவ்வொண்ணும் கொசு கடிச்ச மாதிரி. செங்கல் செவுத்துக்கு அது போதும். ரோட்டரி ஹேமர்ல ஒரு பிஸ்டன் காத்த அமுக்கி அந்தக் காத்து ஒரு இரும்புக் குண்டத் தள்ளி அடிக்கும், நிமிஷத்துக்கு நாலாயிரம் அஞ்சாயிரம் அடி தான், ஆனா ஒவ்வொண்ணும் அடி. கான்கிரீட் பீம்லயும் தளத்துலயும் ஃபேன் கொக்கி போடுறதுன்னா அது இருந்தா அரை நிமிஷ வேலை, இம்பாக்ட் டிரில்லுன்னா தோள்பட்டை கழண்டுரும். அதுக்குப் பிட்டும் வேற, எஸ்டிஎஸ்னு பின்பக்கம் காடி வெட்டுனது, சாதா சக்குல மாட்டாது.

உங்களுக்கு எது? கேட், பைக்கு, டியூபுன்னு சொல்றீங்க, இரும்பு வேலை தான் ஜாஸ்தி, அப்ப 13 எம்எம் இம்பாக்ட் டிரில், ஸ்பீட கூட்டிக் குறைக்கிற சுவிட்சு கட்டாயம் இருக்கணும், 3,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும். கான்கிரீட்டுல வருஷத்துக்கு நாலு ஓட்டை தான்னா வாடகைக்கு எடுத்துக்கலாம், இல்ல எலக்ட்ரீசியன் வர்ற அன்னைக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துப் போட்டுக்கலாம். இன்னொண்ணு, புது வீடுங்கிறீங்க, செவுரு செங்கல்லா, ஏஏசி பிளாக்கான்னு (உள்ள காத்துக் குமிழியா இருக்குற லேசான சிமென்ட் கல்லு) பாத்துக்கங்க, ஏஏசின்னா ஹேமர் மோடே வேண்டாம், வெறும் டிரில்லிங்ல வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்கும், ஹேமர் போட்டீங்கன்னா ஓட்டை பெருசாகி பிளக்கு நிக்காது. டைல்ஸ் மேல போடும்போதும் டைல்ஸ் தாண்டுற வரைக்கும் ஹேமர ஆஃப் பண்ணிருங்க.

டிரில் பிட்டு நீலமாகுதுன்னு சொன்னேன்ல, அது பாதி பிட்டோட குத்தம், பாதி நம்ம குத்தம். ஹைஸ்பீட் ஸ்டீல்ல செஞ்ச பிட்டு எம்எஸ்ல நிமிஷத்துக்கு 25 மீட்டர் வேகத்துல வெட்டுறது தான் கணக்கு. 10 எம்எம் பிட்டுக்கு அந்த வேகம் வரணும்னா 800 ஆர்பிஎம். நம்ம கை டிரில்லு ஃபுல்லா அமுக்குனா 3,000 கிட்ட சுத்தும், அப்ப பிட்டு விளிம்பு 94 மீட்டர் வேகத்துல இழைக்குது, கிட்டத்தட்ட நாலு மடங்கு, எரியாம என்ன செய்யும். பெரிய பிட்டுக்கு மெதுவா, சின்ன பிட்டுக்கு வேகமா, இத ஒண்ண மட்டும் மண்டையில ஏத்திக்கிட்டா பிட்டு வாங்குற காசு பாதி மிச்சம். சென்டர் பஞ்ச் குத்தி, 4 எம்எம்ல ஒரு ஓட்டை போட்டு, அப்புறம் 10, ரெண்டு சொட்டு ஆயில். எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா இன்னும் மெதுவா, ஆனா அழுத்தம் விடக்கூடாது, அழுத்தாம தேச்சீங்கன்னா அந்த இடம் கடினமாகி அப்புறம் எந்தப் பிட்டும் இறங்காது. பிட்டு செட்டா 25 பீஸ் வாங்குறத விட உங்களுக்கு ஓடுற சைஸ் நாலஞ்ச மட்டும் நல்ல கம்பெனில லூஸா ரெண்டு ரெண்டு வாங்குங்க, 3.2, 4, 5, 6.8, 8.5. ஏன் இந்த மாதிரி அரைகுறை நம்பர்னு கேட்டா டேப்புக்காக, அளக்குற டேப்பு இல்ல, ஓட்டைக்குள்ள மரை வெட்டுற டேப்பு. எம்6, அதாவது 6 எம்எம் போல்ட்டுக்கான டேப்புக்கு 5, எம்8க்கு 6.8, எம்10க்கு 8.5. போல்ட் சைஸ்ல இருந்து மரை இடைவெளியக் கழிச்சா வர்றது தான், எம்10 மரை 1.5, கழிச்சா 8.5. பைக்குல மரை போன இடத்துக்கு இந்த மூணு டேப்பு செட் வச்சிருந்தா மெக்கானிக் கடைக்கு நடை மிச்சம்.

கிரைண்டருக்கு வந்தா ஆங்கிள் கிரைண்டர் 4 இன்ச் போதும், 2,700 ரூபாய் பக்கம், தெரிஞ்ச கம்பெனி எதுவா இருந்தாலும் சரி, கார்பன் பிரஷ்ஷும் ஆர்மேச்சரும் உங்க ஊருல கிடைக்குதான்னு மட்டும் கேட்டுக்கங்க. மெஷின விட டிஸ்க்குல கவனம் வைங்க. 100 எம்எம் டிஸ்க்குல 15,300 ஆர்பிஎம்னு போட்டிருக்கும், மெஷின் 11,000 12,000 தான் சுத்தும், அதனால சரியான டிஸ்க்குன்னா பயமில்ல. ஆனா அதுல ஒட்ட வச்சிருக்கிறது ரெசின் பசை, நாளாக நாளாக ஈரம் குடிச்சு பலம் போயிரும், அதனால தான் நடுவுல இருக்குற தகடு வளையத்துல ஒரு தேதி குத்தியிருப்பாங்க, தயாரிச்சு மூணு வருஷம் வரைக்கும். கடைல பழைய ஸ்டாக்க தள்ளி விடுவாங்க, பாத்து வாங்குங்க. மழைக்காலத்துல ஷெட்டுல தரையில போட்டு வைக்காதீங்க.

கிரைண்டர்ல டிஸ்க்க மூடியிருக்குற கார்டக் கழட்டுறது, மரம் வெட்ட பல்லு பிளேடு மாட்டுறது, இந்த ரெண்டும் நம்ம ஊர்ல ஆசாரிங்க தினம் பண்றாங்க, எனக்குத் தெரியும், அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேப்பீங்க, ஆனவங்க இப்ப ஆசாரி வேலைல இல்ல. பல்லு பிளேடு மரத்துல சிக்குனா மெஷினு முகத்துக்குத்தான் எகிறும். மரம் வெட்டணும்னா மார்பிள் கட்டர்ல மர பிளேடு மாட்டி, பலகைய கிளாம்ப் போட்டு, ஒரு நேர் பட்டைய கைடா வச்சு வெட்டுங்க, அடிப்பிளேட் பலகைல உக்காந்து போறதால ஆட்டம் கம்மி. 200 ரூபாய்க்கு பாலிகார்பனேட் கண்ணாடி வரும், அது இல்லாம சுவிட்ச் போடாதீங்க, லுங்கியோட கிரைண்டர் ஓட்டாதீங்க, எங்க வீட்டுல இது சட்டம், போட்டது வீட்டம்மா.

வெல்டிங் மெஷின் தான் உங்க பட்ஜெட்டுல பெரிய செலவு. பழைய காலத்து டிரான்ஸ்ஃபார்மர் செட்டு ரெண்டு ஆளு தூக்கணும், இப்ப இன்வெர்ட்டர் டைப்பு அஞ்சாறு கிலோவுல தோள்ல மாட்டிக்கிட்டுப் போகலாம். நான் 200 ஆம்ப்ஸ்னு எழுதுன ஒண்ண 7,500க்கு வாங்கினேன். இந்த 200அ அப்படியே நம்பாதீங்க, எத்தன சதவீதம் டியூட்டி சைக்கிள்னு கேளுங்க, 60 சதவீதம்னா 10 நிமிஷத்துல 6 நிமிஷம் ஓட்டலாம் 4 நிமிஷம் ஆறணும்னு அர்த்தம், அதச் சொல்லாத கம்பெனி எத வேணா எழுதும். நமக்கு 200 தேவையே இல்ல. 16 கேஜ் டியூபு 1.6 எம்எம் கனம் தான், அதுக்கு 12 நம்பர் ராடு, அதாவது 2.5 எம்எம், 60ல இருந்து 80 ஆம்ப்ஸுக்குள்ள, அதுக்கு மேல வச்சா ஓட்டை தான் விழும். 10 நம்பர் ராடு கேட் கீல் மாதிரி கனமான இடத்துக்கு, 100 ஆம்ப்ஸுக்கு மேல.

வீட்டுக் கரண்ட்டு தாங்குமான்னு அடுத்து கேப்பீங்க. 90 ஆம்ப்ஸ் வெல்டிங்குன்னா ஆர்க்கு 23, 24 வோல்ட்டுல எரியுது, கிட்டத்தட்ட 2.1 கிலோவாட், மெஷின்ல போற நட்டம், பவர் ஃபேக்டர் ரெண்டயும் சேத்தா உங்க பிளக்குல 16 ஆம்பியர் பக்கம் வந்துரும். ஆக 16 ஆம்ப்ஸ் பவர் பிளக்குல 12 நம்பர் ராடு ஓடும், 10 நம்பர் ராட 120 வச்சு ஓட்டுனா எம்சிபி விழும், விழுகட்டும், அத மாத்திப் பெருசு போட்டீங்கன்னா செவுத்துக்குள்ள இருக்குற ஒயரு சூடாகும். மெல்லிசு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகுறதும் வேண்டாம். 1 ஸ்கொயர் எம்எம் ஒயர்ல 20 மீட்டர் இழுத்தீங்கன்னா அந்த ஒயர்லயே 12 வோல்ட் போயிரும், 2.5 ஸ்கொயர் எம்எம்ல அஞ்சுக்குள்ள நிக்கும். அந்த ரூமுக்கு 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்றது) ஒண்ணு போடச் சொல்லுங்க எலக்ட்ரீசியன்கிட்ட, ஈரத் தரையில மெஷின் பிடிக்கிற ஆளுக்கு அது ரொம்ப முக்கியம்.

கண்ணாடிக்கு கையில பிடிக்கிற பழைய ஷீல்டு வேண்டாம், ஆட்டோ டார்க் ஹெல்மெட் 1,200ல இருந்து கிடைக்குது, ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும், டியூப இன்னொரு கையால பிடிக்கலாம். கண்ணாடி இருட்ட 11 நம்பர்ல வச்சுக்கங்க. வெறுங்கண்ணுல பாத்தா அந்த நேரத்துக்கு ஒண்ணும் தெரியாது, ராத்திரி பத்து மணிக்கு மேல கண்ணுல மணல அள்ளிப் போட்ட மாதிரி ஆரம்பிக்கும், தூங்க முடியாது. பக்கத்து வீட்டுப் பசங்க வேடிக்கை பாக்க வருவாங்க, அவங்களத் துரத்திட்டு ஆரம்பிங்க. ஜிஐ பைப்புல வைக்கிறதா இருந்தா நாக முலாமத் தேச்சு எடுத்துட்டு, கதவு ஜன்னல் திறந்து வச்சுப் பண்ணுங்க, அந்த வெள்ளைப் புகைய இழுத்தா சாயந்திரம் காய்ச்சல் வந்து குளிர் எடுக்கும்.

புதுசா வெல்டிங் பழகுறவங்க எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு, நானும் என் முத ஷெல்ஃப் ஃபிரேம்ல பண்ணேன். ஒரு மூலைய முழுசா வச்சு முடிச்சுட்டு அடுத்த மூலைக்குப் போறது. வெல்டு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது டியூபத் தன் பக்கம் இழுக்கும், நாலாவது மூலைக்கு வரும்போது அரை இன்ச் சேராது. நாலு மூலையும் கிளாம்ப் போட்டு, சின்னச் சின்ன டேக்கா, புள்ளி புள்ளியா வச்சு, குறுக்களவு பாத்து, தட்டிச் சரி பண்ணி, அப்புறம் எதிரெதிர் மூலையா மாத்தி மாத்தி முழு வெல்டு. எர்த் கிளாம்ப் கடிக்கிற இடத்துல பெயின்ட்ட சுரண்டிருங்க, ராடு ஒட்டிக்கிட்டே இருக்குதுன்னு சொல்ற பாதிப் பேருக்கு பிரச்சனை அங்க தான்.

நான் வாங்குனதுல வேஸ்ட்டுன்னா 24 லிட்டர் கம்ப்ரசர். பெயின்ட் அடிக்கலாம்னு வாங்கினேன், ஸ்பிரே கன்னு குடிக்கிற காத்துக்கு அது ஈடு குடுக்கல, ரெண்டு அடி அடிச்சா டேங்க் காலி, சத்தம் வேற தெருவுக்கே கேக்குது. இப்ப தூசி ஊதவும் பைக் டயருக்குக் காத்து அடிக்கவும் 8,000 ரூபா சாமான் ஒண்ணு மூலைல நிக்குது. 12 வோல்ட் கார்ட்லெஸ் டிரைவர் வாங்குனது நேரெதிர், ரெண்டு பேட்டரியோட வாங்கினேன், சுவிட்ச் பாக்ஸ், கதவு கீல், அலமாரி எல்லாத்துக்கும் அது தான், ஆனா அது ரெண்டாவது வருஷ சாமான், ஆரம்பத்துல தேவையில்ல. வாங்கும்போது யோசிச்சு ஒரு கம்பெனி பிடிங்க, ஒருத்தர் பேட்டரி இன்னொருத்தர் மெஷின்ல உக்காராது.

மினி லேத்து வாங்கலாமான்னு ஆசை வரும், எனக்கும் வந்துச்சு. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை இருக்குற ஊர்ல உக்காந்துக்கிட்டு எனக்கு எதுக்கு? ஒரு புஷ் கடைஞ்சு குடுங்கண்ணான்னு போனா டீ ஆறுறதுக்குள்ள குடுத்துருவாங்க.

உங்க 30,000அ நான் செலவு பண்றதா இருந்தா: வைஸ் 3,500, வெர்னியர் 2,500, டிரில் 3,000, கிரைண்டர் 2,700, கிளாம்ப் 1,500. ஸ்பேனர் செட்டு, குறடு, திருப்புளி, சுத்தியல், அரம் மூணு, ஆக்சா ஃபிரேம் எல்லாம் சேத்து 4,500, பிட்டு, டேப்பு, டிஸ்க்குக்கு 2,500, கண்ணாடி கையுறை 800. இது 21,000. ஆக்சா பிளேடு வாங்கும்போது இன்ச்சுக்கு 24 பல்லு கேளுங்க, மெல்லிசு டியூபுக்கு 18 பல்லு போட்டா பல்லு உடையும். வெல்டிங் மெஷினையும் ஹெல்மெட்டையும் ரெண்டு மாசம் கழிச்சு மிச்ச 9,000ல வாங்குங்க, அதுக்குள்ள வெட்டுறதும் அரம் போடுறதும் கைக்கு வந்திருக்கும், நேரா வெட்டத் தெரியாதவன் வச்ச வெல்டு பூரா சந்து ரொப்புற வேலையாத்தான் இருக்கும். கோயம்புத்தூர் வந்தா டாக்டர் நஞ்சப்பா ரோட்டுல டூல்ஸ் கடைங்க இருக்கு, நேர்ல தொட்டுப் பாத்து வாங்குங்க, குறிப்பா வைஸும் மூலமட்டமும்.

மேஜைக்குத் தனியா காசு வைக்கல, வீடு கட்டுன சென்ட்ரிங் பலகை மிச்சம் இருக்கும்ல, 2 இன்ச் கனத்துக்கு ரெண்டு சேத்து அடிச்சு ஆங்கிள் கால் போட்டுக்கலாம், இல்ல பழைய கதவு நிலைக் கட்டை. செவுத்தோட சேத்து போல்ட் போட்டுருங்க, மேஜை ஆடுனா மேல எவ்வளவு பெரிய வைஸ் போட்டாலும் பிரயோஜனமில்ல. உயரம், நீங்க நேரா நின்னு கைய மடக்குனா முழங்கை எங்க வருதோ அதுக்கு வைஸோட மேல்மட்டம் வரணும், மேஜை மட்டம் இல்ல, வைஸ் மட்டம். வைஸ மேஜைக்கு நட்ட நடுவுலயோ உள்ள தள்ளியோ வச்சிராதீங்க, நகராத தாடை இருக்குல்ல, அது மேஜை விளிம்புக்கு ஒரு நூல் வெளிய நிக்கிற மாதிரி வச்சு ஓட்டை போடுங்க, அப்பத்தான் நாலடி பைப்ப செங்குத்தாப் பிடிச்சா மேஜைல இடிக்காம நேரா கீழ இறங்கும். அடில பெரிய வாஷர் போட்டு 12 எம்எம் போல்ட், நாலும். மரத்துல ஸ்க்ரூ மட்டும் போட்டு முடிச்சிராதீங்க, முத தடவ பெரிய நட்டு ஒண்ணக் கழட்டும்போதே கையோட வந்துரும்.